முகவரிக் கட்டம்

"ஒரு கட்டத்தை அகலமாக்க இவ்வளவு நேரமா தம்பி? வெளியே ஒரு மனுஷன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்!"

தலைமை நர்ஸின் குரலில் கோபத்தைவிடத் தவிப்பே அதிகம். காலையில் நடந்த பஸ் விபத்தில் சிக்கியவர்களின் பட்டியல் திரையில் இருந்தது. அதில் இரண்டு பெண்களுக்குப் பெயர் ஒன்று, வயதும் ஒன்று. ஒருத்தி பிழைத்துவிட்டாள், ஒருத்தி போய்விட்டாள். பிழைத்தவளுக்கு நினைவில்லை, முகமெல்லாம் கட்டு. யார் எவரென்று சொல்ல முகவரி ஒன்றுதான் வழி. அந்தக் கட்டமோ 'கதவு' என்பதோடு நின்று, மூன்று புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மவுஸால இழுத்துப் பாருங்களேன்."

"இழுக்க விடாது சிஸ்டர்" என்றான் மருத்துவமனையின் புரோகிராமர். "எழுத்து எவ்வளவு நீளமோ, அகலத்தை அதுவே தானா வச்சுக்கணும். ஏன் வைக்கலைன்னுதான் பார்க்கிறேன்."

எழுத்தைச் சிறிதாக்கினான். கட்டமும் கூடவே சுருங்கித் தொலைத்தது. நடுநடுவே போனை எடுத்து எண்ணை அழுத்திக் காதில் வைத்தான். நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன்ல அப்புறம் பேசிக்கலாம். வெளியே நிக்கிறவர் பொண்ணைப் பெத்தவர், அவர் நிலைமையை நினைச்சுப் பாருங்க."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

கடைசியில் பிடிபட்டது. "பட்டியல் வந்து சேர்றதுக்கு முன்னாடியே புரோகிராம் அகலத்தை அளந்துடுது சிஸ்டர். அப்போ தலைப்பு மட்டும்தான் இருக்கும். 'முகவரி'ங்கிற ஒரு வார்த்தைக்கு இது போதும்னு விட்டுடுது. அவசரப்பட்டு நான்தான் அப்படி எழுதியிருக்கேன்."

பட்டியல் வந்த பிறகு அளக்கும்படி மாற்றினான். பொத்தானை அழுத்தும் முன் ஏனோ கொஞ்சம் தயங்கினான்.

"அழுத்துங்க தம்பி!"

கட்டம் விரிந்தது. நர்ஸ் குனிந்து படித்தாள். "பிழைச்ச பொண்ணோட முகவரி... வெளியே நிக்கிறவர் சொன்னதேதான்!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்து சொன்னாள். பெரியவர் வாய்விட்டு அழுதது உள்ளே வரை கேட்டது.

திரும்பி வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மனுஷனுக்கு உயிர் வந்துச்சு. இன்னொரு பொண்ணைத் தேடித்தான் இன்னும் ஒருத்தரும் வரலை, பாவம்."

"வந்தாச்சு சிஸ்டர்" என்றான் அவன், திரையைப் பார்த்தபடியே. "ஒரு மணி நேரமா உங்க முன்னாடிதான் உட்கார்ந்திருக்கேன். அவ என் மனைவி."