காலிக் கட்டம்

ஷோரூமின் கண்ணாடிச் சுவர் வழியே விழும் காலை வெயிலில், காடுமேடெல்லாம் ஏறும் அந்தப் பெரிய வண்டி பளபளக்கிறது. சக்கரத்தில் மட்டும் காய்ந்த சேறு. பல் டாக்டர் மறந்து வைத்துவிட்டுப் போன நோட்டை எடுக்கத்தான் வந்திருக்கிறார். மூன்று வாரமாக இரண்டு கம்பெனி வண்டிகளையும் கட்டம் போட்டு ஒப்பிட்ட நோட்டு அது. போட்டிக் கம்பெனி வண்டிக்கு நேற்றே முன்பணம் கட்டியாயிற்று. ரசீது சட்டைப்பையில் இருக்கிறது. நோட்டை வாங்கிக்கொண்டு நழுவிவிடலாம் என்று பார்த்தால், விற்பனைப் பெண் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.

“வண்டி எவ்வளவு ஆழத் தண்ணில போகும்கிற கட்டத்த மட்டும் காலியா விட்டிருந்தீங்க சார். கம்பெனி சொல்றத நம்ப மாட்டேன்னீங்கல்ல? நேத்து எனக்கு லீவு. மேனேஜர்கிட்ட கேட்டு வண்டிய ஓடைக்குக் கொண்டுபோனேன். நானே இறங்கி அளந்தேன்.”

நோட்டை விரிக்கிறாள். அவருடைய கோழிக்கிறுக்கலுக்கு நடுவே குண்டு குண்டான எழுத்து: ‘என் இடுப்புக்கு நாலு விரல் கீழே. எஞ்சின் நிற்கவில்லை.’ மேசைக்கடியில் அவளுடைய ஷூ இன்னும் ஈரமாகக் கிடக்கிறது. டாக்டர் சட்டைப்பையை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார்.

“அவசரமில்ல சார். நல்லா பாத்தே முடிவு பண்ணுங்க” என்று பேனாவை நீட்டுகிறாள்.

அவர் வாங்கிக்கொள்கிறார். இன்னும் முடிவெடுக்காதவரைப் போல, பக்கத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்குகிறார்.