வலி தாங்கினவர்

"இவளுக்கு எப்பப் பாரு முழங்கால் வலிதான் டாக்டர். எக்ஸ்ரேல பெருசா ஒண்ணுமில்லைன்னு ஏற்கெனவே சொல்லிட்டாங்க. ஆனா ரெண்டு நாளா ஒரே அழுகை. வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்."

வெல்டர் சலித்துக்கொண்டார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் அம்மா அவள் முழங்காலை லேசாகத்தான் தொட்டார். அவள் பல்லைக் கடித்தாள்.

"பார்த்தீங்களா, தொட்டதுக்கே! நானும்தான் பட்டறையில கிடக்கிறேன். நெருப்புப் பொறி தெறிக்கும், இரும்பு கிழிக்கும். ஒரு நாள் 'ஆ'ன்னு சொல்லியிருப்பேனா? தாங்கிக்கிற மனசு வேணும்!"

டாக்டரின் பார்வை அவர் காலுக்குப் போனது. கணுக்கால் செருப்பு வாரை மீறிப் புடைத்திருந்தது.

"இது என்ன?"

"அதுவா? இரும்புச் சட்டம் ஒண்ணு உருண்டு விழுந்துச்சு. தானா வத்திடும்."

"வலிக்கலையா?"

"இதுக்கெல்லாமா வலிக்கும்?" சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. கையோடு எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். படம் வந்தது. எலும்பு முறிந்திருந்தது. அந்தக் காலோடுதான் மனிதர் ஏணி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வாசனை தெரியுமா?" டாக்டர் திடீரென்று கேட்டார்.

வெல்டர் விழித்தார். மனைவி பதில் சொன்னாள்.

"பால் தீய்ஞ்சு வீடே நாறினாலும், பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருப்பாரு டாக்டர்."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நரம்பு செல்லுல சின்னச் சின்னதா கதவுங்க இருக்கு. அது திறந்தா சோடியம் உள்ள போகும். உடனே மின்சாரம் மாதிரி ஒரு சேதி, வலிக்குதுன்னு மூளைக்கு ஓடும். உங்க மனைவிக்கு மூட்டு ரொம்ப நாளா புண்பட்டு, அந்தக் கதவுங்க தொட்டாலே திறந்துக்குது. எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், அதெல்லாம் தெரியாது."

"சோடியம்னா உப்புதானே? உப்பைக் குறைச்சுட்டா?"

"உப்பில்லாத சாப்பாடுதான் மிஞ்சும்! உங்களுக்கு அதுல முக்கியமான ஒரு கதவு பிறவியிலேயே வேலை செய்யலைன்னு நினைக்கிறேன். வாசனைக்கும் அது வேணும். ரத்தத்தைச் சோதிச்சு உறுதி பண்ணணும்."

"அப்போ நான் இத்தனை நாள் வலியைத் தாங்கினது?"

"நீங்க எதையும் தாங்கலை. உங்களுக்கு வலி வரவேயில்லை. தாங்கினது இவங்க."

 வெல்டர் மனைவியின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "உங்க வலி நிஜம்தான்மா. இப்போதைக்கு மருந்தும் பயிற்சியும் தர்றேன், கொஞ்சம் கொஞ்சமா குறையும். இவருக்குத் திறக்காத கதவை, உங்களை மாதிரி ஆளுங்களுக்கு மருந்தால சாத்தி வைக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. இவர் ரத்தம்கூட அதுக்கு உதவலாம்."

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க டாக்டர்," என்றார் வெல்டர். குரலில் பழைய வீறாப்பு இல்லை.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, வலின்னு இன்னைக்கு நீங்க வந்தீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இவர் காலே போயிருக்கும்."

அவள் தயங்கினாள்.

"எனக்கு வலி எப்பவும் இருக்கிறதுதான் டாக்டர். அவர் அசந்து தூங்கும்போது, கீழ உட்கார்ந்து கால்ல எங்கயாவது அடிபட்டிருக்கான்னு பார்ப்பேன். அப்பதான் இந்த வீக்கம் தெரிஞ்சுது. 'டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னா வருவாரா? அதான், எனக்கு முடியலைன்னு அழுது கூட்டிட்டு வந்தேன்."

"இந்த முழங்காலை வச்சுக்கிட்டா கீழ உட்கார்ந்தீங்க?"

அவள் முந்தானையை முழங்கால் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து வெல்டர் பக்கத்தில் நிறுத்தினாள். "கால் உடைஞ்சது உங்களுக்குத்தானே? உட்காருங்க சார்."

வெல்டர் அசையவில்லை.

"உடைஞ்சது எனக்குத்தான் சிஸ்டர். வலிக்கிறது அவளுக்கு. முதல்ல அவளை உட்கார வைங்க."