சீனிக்கு ஊசி

குன்னத்தில் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஜன்னலோரம் இலக்கியா சான்றிதழ் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். நாளைக்குச் சென்னையில் வேலைக்கான நேர்காணல். இந்த பஸ்ஸை விட்டால் அரியலூரில் ரயிலைப் பிடிக்க முடியாது. கீழே பக்கத்து வீட்டுத் தனக்கொடி, சர்க்கரை நோய் வந்த இலக்கியாவின் பூனையை இடுப்பில் தூக்கி வைத்திருக்கிறாள். "சீனின்னு பேரு வச்சா சக்கர வராம என்ன வரும்?" என்று சிரிக்கிறாள். கணவருக்குத் தினமும் இன்சுலின் போட்டுப் பழகிய கை அவளுடையது. "எங்க வூட்டுக்காரருக்கு இருபது யூனிட் போடுறேன், இதுக்கு ரெண்டுதானே? நிம்மதியா போயிட்டு வா." வெயிலில் சீனியின் கண்கள் கோடாகச் சுருங்குகின்றன. "உன்னத் தேடிக்கிட்டு சோறு திங்கலன்னாலும் ஊசிய மட்டும் தவறாம போட்டுடறேன்." விசில் சத்தம். பஸ் நகர்கிறது. இலக்கியாவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. வெறும் வயிற்றில் ஊசி போட்டால் சீனி பிழைக்காது. வகுப்பில்கூடக் கை தூக்காதவள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக் கத்துகிறாள். "அக்கா, திங்கலன்னா ஊசி வேணாம்!" பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. தனக்கொடி காதருகே கையைக் குவிக்கிறாள். பிறகு பூனையின் முன்னங்காலைப் பிடித்து டாட்டா காட்டுகிறாள். "போட்டுடறேன், போட்டுடறேன்!" கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் தனக்கொடி வீட்டில் போன் கிடையாது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டுகிறார். இலக்கியா பையோடு எழுந்து நிற்கிறாள். "நிறுத்துங்க சார், நான் எறங்கணும்."