சட்டம் போட்ட சாப்பாடு

கல் ஒன்று ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து, எம்.எல்.ஏ. பலராமனின் காதை உரசி, அரிசி மூட்டையில் போய்ப் புதைந்தது. அவர் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் பொத்தென்று உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் பாதி அண்டா கவிழ்ந்தது.

கிரிவலப் பாதையோரத்து அரசுப் பள்ளி அது. வெளியே இரும்பு கேட் முறியும் சத்தம். டிபன் கேரியரால் வாங்கிய அடியில் ஒருவனுக்கு மண்டை பிளந்து ரத்தம் கொட்ட, அவனை மிதித்துக்கொண்டு நாலு பேர் உள்ளே ஏறினார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினாள்; கழுத்தில் டை கட்டிய அவள் பிள்ளை, "விடாதம்மா!" என்று குதித்தது.

பலராமன் அண்டாவுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கினார். மதிய உணவுத் தரச் சட்டத்துக்காகச் சட்டசபையில் இரண்டு மணி நேரம் முழங்கியவர் அவர். அரசுப் பள்ளிகளில் தண்ணிச் சாம்பார் இனிக் குற்றம். தினம் முட்டை, கீரை, காராமணி, கேழ்வரகு. அதை ருசி பார்க்கத்தான் போட்டோகிராபரோடு வந்திருந்தார். போட்டோகிராபர் முதல் கல்லுக்கே மாயமாகியிருந்தார்.

"என்னைக் கொல்லத்தான் வராங்களா? சாப்பாட்டுல இன்னாம்மா விழுந்துச்சு? பல்லியா?"

"வாயக் கழுவுங்க சார்!" கரண்டியோடு கதவை மறித்து நின்ற சமையல்காரம்மா வேதா சீறினாள். "தெருவே மணக்குது. அதுக்குத்தான் இந்த அடிதடி. புள்ளைங்கள இங்க சேர்க்கணுமாம். இடம் நாப்பது, வந்தது நானூறு!"

பலராமன் எழுந்தார். மீசை தானாக நிமிர்ந்தது.

"அப்போ, என் சட்டத்துக்காகச் சிந்துற ரத்தமா இது!"

வெளியே பாய்ந்து, தலைமையாசிரியை ரேவதியின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"ஒருத்தரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்! நானூறு பேருக்கும் இடம் உண்டு. நாளைக்கே கூடுதல் கட்டடம்! இது இந்தப் பலராமன் வாக்கு!"

கையிலிருந்த கற்களைப் போட்டுவிட்டுக் கூட்டம் கைதட்டியது. மண்டை உடைந்தவன்கூடக் கிடந்தபடியே, "எம்.எல்.ஏ. வாழ்க!" என்றான்.

"பாத்தீங்களா டீச்சர்?" பலராமன் வேட்டியிலிருந்த கத்தரிக்காயைத் தட்டிவிட்டார். "எந்த ஊரு ஜனங்க? கீழ்பென்னாத்தூர் வரைக்கும் நம்ம பேரு போயிருக்கும்போல."

ரேவதி விண்ணப்பக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அத்தன பேரும் உங்க மெட்ரிக் ஸ்கூல்ல டி.சி. வாங்கிட்டு வந்தவங்க சார்."