மண்டபத்தின் பின்பக்கம்

"புகார் சொல்லாதீங்க. கண்ணால பாத்ததைச் சொல்லுங்க. யாரு, எங்க, எப்ப. எதிர்ல உக்காந்திருக்கிறவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி" என்று முடித்த பயிற்சியாளர், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடித்தார். தோளில் துணிப்பை, சட்டைப்பையில் மரப் பேனா. மனிதன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று முதல் வரிசையிலிருந்த தையல்காரிக்குத் தோன்றியது.

பிளாஸ்டிக் ஒழிப்புத் தொண்டர்களுக்கான பயிற்சி அது. ஒரு வருடமாக அந்த மண்டபத்தில்தான் வாராவாரம் புதுப்புதுக் குழுவுக்கு நடக்கிறது. திங்கட்கிழமை நகரசபைக் கூட்டத்தில் ஒரே ஒரு தொண்டர் மூன்று நிமிடம் பேசலாம். அது யார் என்பதைச் சாயங்காலம் அவர் அறிவிக்கப் போகிறார்.

தையல்காரிக்கு அந்த மூன்று நிமிடம் வேண்டும். ஊரிலேயே பள்ளமான தெரு அவளுடையது. கவரும் டப்பாவும் அடைத்துக்கொண்டு, லேசாகத் தூறினாலே சாக்கடை சமையலறை வரை வந்துவிடும். மகளின் கால் சேற்றுப்புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. தைத்துக் கொடுத்த துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "நாறுதும்மா" என்று முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அந்த அவமானத்தை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

அதனால் காலையிலிருந்தே வெளுத்து வாங்கினாள். ஒருவர் கவுன்சிலராக நடிக்க, இன்னொருவர் எதிரே நின்று பேச வேண்டும். கவுன்சிலராக நடித்த வங்கி ஊழியர், "மழைன்னா தண்ணி நிக்கத்தான்மா செய்யும்" என்று கெத்தாக ஆரம்பித்தார்.

"அந்தத் தண்ணியில ஒரு நாள் உங்க பொண்ணு நடந்து பள்ளிக்கூடம் போகட்டுமா சார்?" என்றாள். மனுஷர் நடிப்பை மறந்து விழித்தார்.

"நீங்கதான் அண்ணி. எழுதி வச்சுக்கோங்க" என்று கூட வந்திருந்த நாத்தனார் காதைக் கடித்தாள்.

மத்தியானம் சாப்பாடு வந்தது. பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் குட்டிக் குட்டிக் கவர்கள், பிளாஸ்டிக் கரண்டி, தலைக்கு இரண்டு தண்ணீர் பாட்டில். 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று அச்சடித்த நோட்டீஸ்கூடப் பளபளக்கும் கவருக்குள்தான் இருந்தது. தையல்காரி முதல் வாயோடு டப்பாவை மூடி வைத்துவிட்டாள். பயிற்சியாளர் மட்டும் தன் டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

கை கழுவப் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மண்டபத்துக் காவலாளி, எல்லோரும் தின்றுவிட்டுப் போட்ட எச்சில் டப்பாக்களைக் கறுப்பு மூட்டையிலிருந்து வாய்க்காலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல். மேலே இன்றைய மிச்சம், அடியில் பாசி பிடித்து வழவழத்துப் போன டப்பாக்கள், இடுக்கெல்லாம் நெளிகிற புழு.

தண்ணீர் போகிற திசையைப் பார்த்தாள். நேராக அவள் தெருவுக்குத்தான் போனது. சீ, இந்தக் கண்றாவியைத்தானா இத்தனை நாளாகச் சமையலறையிலிருந்து வாளி வாளியாக வழித்து ஊற்றினாள்?

உள்ளே வந்து நாத்தனாரிடம் சொன்னாள்.

"வாயை மூடிட்டு உக்காருங்க அண்ணி. உங்களுக்குத் திங்கக்கிழமை பேசணுமா, வேண்டாமா?"

பேச வேண்டும்தான். அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளின் கால் கண்ணுக்குள்ளேயே நின்றது. மேடையில் பயிற்சியாளர், "மாற்றம் நம்மகிட்டேருந்துதாங்க ஆரம்பிக்கணும்" என்று குழைந்தபோது அதற்கு மேல் தாங்கவில்லை, எழுந்துவிட்டாள்.

"சார், இது புகார் இல்ல. கண்ணால பாத்ததைச் சொல்றேன். இன்னைக்கு மத்தியானம், இந்த மண்டபத்துக்குப் பின்னாடி, நாம தின்னுட்டுப் போட்ட டப்பாவையெல்லாம் வாய்க்கால்ல கொட்டினாங்க. அந்தத் தண்ணி என் வீட்டு அடுப்படிக்குத்தான் வருது. நினைச்சாலே அருவருப்பா இருக்கு. உங்க பேச்சைக் கேட்டாலும் இப்ப அப்படித்தான் இருக்கு."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். பயிற்சியாளர் டம்ளரை எடுத்தார், குடிக்காமலேயே வைத்தார், ஒரு தடவை வாசலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கைதட்ட ஆரம்பித்தார்.

"இதுக்குத்தாங்க காலையிலேருந்து காத்துக்கிட்டிருந்தேன். டப்பா, பாட்டில், பின்னாடி கொட்டினது எல்லாமே நாங்க வச்ச பரீட்சை. நாப்பது பேர்ல ஒருத்தராவது தட்டிக் கேக்கறாங்களான்னு பாத்தோம். நீங்க ஒருத்தர்தாம்மா கேட்டீங்க. திங்கக்கிழமை நீங்கதான் பேசறீங்க."

மண்டபமே எழுந்து கைதட்டியது. வங்கி ஊழியர் தேடி வந்து கைகுலுக்கினார். தையல்காரிக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. இவ்வளவு நல்ல மனுஷரை நாலு பேர் முன்னால் நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கூட்டம் கலைந்ததும், "ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன், இரு" என்று நாத்தனாரை வாசலில் நிறுத்திவிட்டு அவரைத் தேடினாள். மேடையில் இல்லை, அலுவலக அறையிலும் இல்லை. பின்கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இனிமே எல்லாரும் கிளம்பினப்புறம் கொட்டுப்பா."