துரை புதைத்த வெள்ளி

மக்கள் சொத்து மக்களுக்கே சேர வேண்டும் என்பதால், தலைவர் பரமகுரு யாருக்கும் சொல்லாமல் பதுளையிலிருந்து மெட்டல் டிடெக்டரோடு ஷாஹ்மியைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தார். கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமி புதரைக் காட்டினாள். "வெள்ளைக்காரத் துரை வெள்ளி புதைச்ச எடம் இதாங்க."

கருவி கூவியது.

"நம்பர் எண்பத்தஞ்சு காட்டுது தலைவரே, வெள்ளிதான். சத்தம் சன்னமா வருது, ரெண்டடி ஆழம் இருக்கும்."

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டித் தாமே தோண்டினார். முதலில் ஒரு பளிங்குப் பலகை வந்தது. அதன் அடியில் பூசைக்கு ஒற்றை வெள்ளிக்காசு போட்ட சின்னச் செம்பு. பலகையை ஷாஹ்மி வாசித்தான்: "ஐம்பது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியவர், தலைவர் பரமகுரு."

"புதையல்னு சொன்னியே!"

"அடிக்கல்லப் பாக்க வாங்கன்னு எட்டு வருசமாக் கூப்பிட்டும் வரலீங்களே," என்ற விஜயலெட்சுமி ஷாஹ்மியிடம் திரும்பினாள். "தம்பி, வீடுங்க எத்தன அடி ஆழத்துல இருக்குனு அந்த மிசின்லயே பாத்துச் சொல்லுங்க."