சர்க்கரை போடாத பரங்கி

கத்தி பரங்கிக்காயில் பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. கொழுந்தன் மண்டை என்று நினைத்துக் கத்தியைக் காயோடு தூக்கி அடுப்புக்கல்லில் ஓங்கிப் போட்டேன். இரண்டாகப் பிளந்தது. மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

"சேனேசாய்! சர்க்கரை தூக்கலா போடு. கடலை விழுதுல கஞ்சத்தனம் பண்ணாதே" என்று வெளியிலிருந்து அதிகாரம் பண்ணினான் தகூமா.

போன வருஷம் வரை அவனுக்கு நான் அண்ணி. என் புருஷன் க்வின்யாய் இருந்தபோது, 'அண்ணி பாதி எனக்கும் பொண்டாட்டி' என்பான். எங்கள் பக்கத்தில் எல்லாக் கொழுந்தன்மாரும் பேசுகிற கேலிதான். நானும் சிரித்திருக்கிறேன். க்வின்யாய் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இவன் ஹராரே பட்டணத்தை விட்டு அசையவில்லை. அவர் போய் வருஷம் திரும்பியதும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்துவிட்டான், பாழாய்ப்போனவன். இவனுக்கு வேண்டியது நானா? ஆற்றோரத்து நிலம். இந்தக் காய் விளைந்த நிலம்.

விதைகளை வழித்தெடுத்து, சாம்பலில் புரட்டி முறத்தில் பரப்பினேன். அடுத்த மழைக்கு இதை நான் விதைப்பேனா என்பது இன்று தெரிந்துவிடும்.

வருஷம் முடிந்த விதவை, சொந்தபந்தம் கூடிய இடத்துக்குக் கை கழுவத் தண்ணீர்ச் சட்டி ஏந்தி வரவேண்டும். அதில் கை கழுவுகிறவர் வீட்டுக்கு உடையவர். நிலம், மாடு, அவள், எல்லாம் அவர் பொறுப்பு. தண்ணீரைத் தரையில் கொட்டினால் அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு நடையைக் கட்டவேண்டும். மகன் இருந்தால் மகனிடம் நீட்டலாம். எனக்கு இல்லை. நாத்தனாரிடம் நீட்டித் தப்பித்தவர்களும் உண்டு.

என் நாத்தனார் ராவிரோ காலையிலேயே வந்து, அடுப்பைப் பார்த்தபடி சொல்லிவிட்டாள்.

"என்கிட்ட நீட்டிடாதேம்மா. என் வீட்டுக்காரர் தகூமா பக்கம். நான் கை வெச்சா என்னைக் கொன்னுடுவார்."

போ, நீயும் போ என்று வாய்வரை வந்தது. வெந்த பரங்கியை மத்தால் நசுக்கினேன். கை கடுக்கும்வரை நசுக்கினேன். கடலை விழுது போட்டேன். உப்பு போட்டேன். சர்க்கரைப் பொட்டலத்தைத் தொடவில்லை.

எல்லாரும் சமையல் குடிசைக்குள் வந்தார்கள். சுவரோரத்து மண் பெஞ்சில் ஆண்கள், எதிரே பாயில் பெண்கள். பெரிய மாமனார் உள்ளங்கை குவித்துத் தட்டி முறையைச் சொல்லி முடித்தார்.

சட்டியை ஏந்திப் போய் மண்டியிட்டேன். தகூமா சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். மோதிரத்தைக்கூடக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். இரண்டு கைகளையும் நீட்டினான்.

சட்டியைத் தரையில் வைத்தேன். என் கைகளை அதற்குள் விட்டேன். நிதானமாக, முழங்கை வரை கழுவினேன். நகக்கண்ணில் ஒட்டியிருந்த பரங்கிச் சதையைக்கூட விடவில்லை. தண்ணீர் மஞ்சளானது.

தகூமாவின் கைகள் நீட்டியபடியே இருந்தன.

"இதுல கை கழுவினவங்கதான் வீட்டுக்கு உடையவங்கன்னு இப்பதானே சொன்னீங்க, மாமா?" என்றேன்.

பெரிய மாமனார் முறையை விரல்விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தார். முறையில் எங்கேயும் 'ஆம்பிளை' என்று அவர் சொல்லியிருக்கவில்லை.

அப்போது பாயிலிருந்து குலவை எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். ராவிரோ.

"வாயை மூடுடி!" என்று பெஞ்சிலிருந்து கத்தினான் அவள் புருஷன். அவளுடைய முதல் புருஷனின் தம்பி அவன். அவளும் ஒருநாள் தண்ணீர்ச் சட்டியோடு அவன் முன்னால் மண்டியிட்டவள்தான்.

அவள் நிறுத்தவில்லை.